கொடியில் காய்ந்த பகை

எருமைத் தலையின்மேல் இரு திருவடியும் ஊன்றி நிற்கும் அன்னையே! குருதியைக் கண்டு முகம் திருப்பாத தெய்வம் நீ. உனக்கு முன்னால் ஒளிக்க என்னிடம் ஏதுமில்லை. உன்னையன்றி இதைக் கேட்கத்தக்கவரும் எவருமில்லை. நான் கையில் எடுக்கும் ஊசி உன் சூலத்தின் ஒரு முனையாகட்டும். சங்கரவடிவு என்னும் நான் எழுதத் தொடங்குகிறேன், காத்தருள்வாய்.

சோபகிருது ஆண்டு

ஆனி 14, வியாழன்

இன்று தந்தையார் திதி. ஆண்டில் இந்த ஒரு நாள்தான் நான் முன்கட்டுக்கு அழைக்கப்படுகிறேன். மற்ற நாள்களில் பின்கட்டில் இரண்டு அறை, ஒரு குளியலறை, ஒரு முற்றம். எழுபத்தொரு வயதுக் கைம்பெண்ணுக்குப் பதிகங்களும் புராணங்களும் துணையிருக்க, அதற்குமேல் வேண்டியதில்லை.

இலையில் பாயசம் விழுந்த நேரத்தில் என் தம்பி ஆவுடையப்பன் செய்தியைச் சொன்னான். எங்கள் மதிலுக்கு அந்தப்புறம் இருக்கும் பள்ளி, தந்தையார் நிறுவியது. இப்போது அவன் செயலாளர்.

"அக்கா, அடுத்த வருசத்துல இருந்து பொம்பளப் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்போட சரி. மேல உள்ள வகுப்ப மூடிருதோம். அந்தக் கட்டடத்த கல்யாண மண்டபமா ஆக்கிட்டா ஊருக்காவது ஆகும்."

"நாப்பத்து மூணு பிள்ளைய படிக்குது. அதுக எங்க போகும்?"

"ஆத்துக்கு அந்தப்பக்கம் பள்ளிக்கூடமா இல்ல?"

ஆற்றுக்கு அந்தப்பக்கம் பதினொரு கிலோமீட்டர்; காலையில் ஒரே பேருந்து. எந்தப் பெண்ணும் போகமாட்டாள் என்பது அவனுக்கும் தெரியும்.

"மாசத்துல அஞ்சு நாளு பாதிப் பிள்ளைய வாரதே இல்லக்கா. வருகைப் பதிவேடே சொல்லுது. கார்த்திகையில ஆபீசர் வந்து பாப்பாங்க. பாத்துட்டு மூடச் சொல்லி எழுதிருவாங்க."

"ஏன் வரலைன்னு கேட்டியா?"

"அதையெல்லாம் ஒரு ஆம்பள கேக்க முடியுமா?" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பு எனக்குப் புதியதன்று. எட்டு வயதில் அவனுக்கு இருந்த அதே சிரிப்புத்தான். நான் எட்டாம் வகுப்பில் முதல் மாணவியாக இருந்த ஆண்டு அது. வீட்டின் பின்னறையில் என்னை உட்காரவைத்த மறுநாள், பள்ளிக்கு ஓடி, என் வகுப்பு வாசலில் நின்று, "எங்கக்கா இனிமே வரமாட்டா, அவளுக்குத் தீட்டு" என்று அறிவித்துவிட்டு வந்து என் எதிரில் சிரித்தவன் அவன். என் பித்தளை வடிவியல் பெட்டியையும் எடுத்துக்கொண்டான். சிறு பிள்ளை, அவனுக்கு என்ன தெரியும் என்றார்கள். அதை நான் மறந்து வெகுகாலம் ஆயிற்று.

கார்த்திகையில் அந்த அதிகாரி வரும் நாளில் ஓர் இருக்கைகூடக் காலியாக இருக்கலாகாது. ஆவுடையப்பனே தன் வாயால் எண்ணட்டும்.

ஆனி 17, ஞாயிறு

பூசைக்குப் பூப் பறித்துத் தரும் இசக்கிசெல்வியிடம் கேட்டேன். பத்தாம் வகுப்பு, தாயார் பீடி சுற்றுகிறவர். முதலில் தரையைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: பழைய சேலைக் கிழிசலைச் சுருட்டி வைத்துக்கொள்கிறாள். நடந்தால் நழுவுகிறது, உட்கார்ந்தால் புடைத்துத் தெரிகிறது. கடையில் விற்கும் நாப்கின் முதல் நாளுக்கு மட்டுந்தான் கட்டுப்படியாகும். ஆகவே நான்கு நாள் பள்ளிக்குப் போவதில்லை.

"எல்லாப் பிள்ளையும் இப்படித்தானா?"

"ஆமா ஆச்சி. சொல்லமாட்டாளுக. வயித்துவலின்னு சொல்லுவாளுக."

தையல் இயந்திரத்துக்கு எண்ணெய் விட்டேன். நாளை புதுத் துணி வாங்க வேண்டும். பிறர் உடுத்திக் கழித்த துணியை என் கையால் தொடமாட்டேன்; பூசை செய்கிற கை இது.

ஆனி 25, திங்கள்

பன்னிரண்டு தைத்தேன். புதுத் துணி, வெள்ளை வெளேரென்று, மல்லிகைபோல் அழகாக வந்திருக்கிறது. முதல் நான்கும் இசக்கிசெல்விக்கு. முற்றத்துச் செம்பருத்தியில் பூச்சி.

ஆடி 2, செவ்வாய்

காலை வழிபாட்டுக் கூட்டத்தில் முன்வரிசையில் நின்று இறைவணக்கம் பாடிக்கொண்டிருந்த இசக்கிசெல்வியின் பாவாடையில் கறை தெரிந்திருக்கிறது. ஆவுடையப்பன் மேடையில் இருந்தான். பாட்டை நிறுத்தச் சொல்லி, ஒலிவாங்கியிலேயே பேசினானாம்: "அந்தப் பிள்ளைய வெளிய அனுப்புங்க. இது சாமி பாட்டு பாடுத எடம்."

முந்நூறு பேர் திரும்பிப் பார்த்தார்களாம். அவள் பையையும் எடுக்காமல் போய்விட்டாள்.

மாலையில் என் முற்றத்துக்கு வந்து கேட்டான்: "உன் தையலாமே அக்கா? பிள்ளைய சொல்லுதாளுக. வயசான காலத்துல ராமா சிவான்னு இருக்கக்கூடாதா?"

துணி சற்றே ஒழுகியிருக்கலாம். அது பொருட்டன்று. ஒரு பெண்ணை முந்நூறு பேர் முன்னிலையில் வெளியேற்றியவன் அவன். அவன் பெயரை இன்று பூசையில் சொன்னேன். எதற்காகச் சொன்னேன் என்பது அன்னைக்குத் தெரியும்.

ஆடி 5, வெள்ளி

இசக்கிசெல்வி மூன்று நாளாகப் பள்ளிக்குப் போகவில்லை. பூவும் வரவில்லை.

முப்பிடாதி வந்தாள். எங்கள் குடும்பத்துக்கு அழுக்கெடுத்து வெளுக்கும் வீட்டுக்காரி, அறுபது கடந்தவள். அவள் தாயும் பாட்டியும் இதே வாசலுக்கு வந்தவர்கள். நான் தைத்த துணி ஒன்றைக் கையில் எடுத்தாள், புரட்டினாள், விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஆச்சி, இதயா அந்தப் பிள்ளைக்குக் குடுத்திய?"

"ஏன், என்ன குறை?"

"புதுத் துணிலா இது! கஞ்சி ஏறிக் கெடக்கு. இது தண்ணியக் குடிக்குமா?" முற்றத்துத் தொட்டியில் ஒரு கை நீரள்ளி அதன்மேல் விட்டாள். நீர் முத்துமுத்தாக உருண்டு ஓரத்தால் வழிந்து அவள் கால்மேல் விழுந்தது. "பாருங்க. துணின்னா அம்பது வெளுப்புக் கண்டுருக்கணும். அப்பந்தான் குடிக்கும். பழைய வேட்டி மாதிரி வருமா?"

"பிறர் உடுத்ததை..."

"அந்தச் சுத்தம் பாத்துத்தான அந்தப் பிள்ள முந்நூறு பேரு முன்னால நின்னுச்சு?"

இந்தத் தொனியில் என்னிடம் எவரும் பேசியதில்லை. எழுந்து போகச் சொல்லியிருப்பேன். ஆனால் அவள் மேலும் பேசினாள். ஊரிலுள்ள அத்தனை வீட்டுப் பெண்களின் துணியையும் மூன்று தலைமுறையாக அலசியவர்கள் அவர்கள். எந்தத் துணி எவ்வளவு தாங்கும், எது ஒழுகும், எது புண்ணாக்கும் என்பதை அவளைவிட அறிந்தவர் யாரிருக்கிறார்? பதின்மூன்று வயதிலிருந்து புராணம் படித்த எனக்கு அது தெரியாது.

போகும்போது சொன்னாள்: "நீங்க பெரிய மனுசி ஆனப்ப எங்க அம்மைதான் மாத்துச் சேல கொண்டாந்தா. பதினாறு நாளும் உங்களுக்கு வெளுத்த சேலை கொண்டுவாரது எங்க மொறைலா. நீங்க சேலையே பாக்கலியாம். 'நான் எப்பம் பள்ளிக்கூடம் போவணும்'னு அத மட்டும் கேட்டுக்கிட்டே இருந்தியளாம். அம்மை சாகுத வரைக்கும் சொல்லுவா."

எனக்கு நினைவில்லை என்றேன்.

ஆடி 8, திங்கள்

பழைய வேட்டி வேண்டும் என்றேன். யாருடைய வேட்டி என்று முப்பிடாதி கேட்டாள். முன்கட்டைப் பார்த்தேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆவுடையப்பன் உடுத்திக் கழித்த எண்முழ வேட்டிகள் ஒன்பது அவள் வீட்டில் இருக்கின்றன. செயலாளராக மேடையில் அமர்ந்த வேட்டிகள்; தந்தையார் படத்துக்கு மாலையிட்ட வேட்டிகள். கரையைக் கிழித்து எறிந்துவிட்டு ஒன்றை எட்டாக மடித்தேன். என் வாழ்நாளில் எந்தத் துணியையும் இவ்வளவு நேர்த்தியாக வெட்டியதில்லை.

ஆடி 12, வெள்ளி

ஆடி வெள்ளி. அன்னைக்குக் கூழ் படைத்தேன்.

முறை அமைந்துவிட்டது. மேலே உடம்பில் படும் பக்கத்துக்குப் பழைய பனியன் துணி, அது உறுத்தாது. உள்ளே வேட்டித் துணி எட்டு மடிப்பு. நடுவில் தேங்காய்ப்பூத் துவாலையின் ஒரு கீற்று. அடியில் பழைய குடைத்துணி, அது ஒழுகவிடாது. இரு புறமும் சிறகு, சிறகில் டிச் பட்டன், நழுவாது. குடைத்துணி முப்பிடாதியின் யோசனை. "மழையவே தடுக்கு, இதத் தடுக்காதா" என்றாள்.

ஒரு செம்பு நீரில் முக்கால் பங்கு ஊற்றினோம். அடியில் தொட்டுப் பார்த்தேன். உலர்ந்திருந்தது.

இத்தனை நாளில் முதன்முறையாக நன்றாகச் சாப்பிட்டேன்.

ஆடி 14, ஞாயிறு

முப்பிடாதியையும் கூட்டிக்கொண்டு இசக்கிசெல்வியின் வீட்டுக்குப் போனேன். அந்தப் பெண் முறத்தில் இலையும் தூளுமாக அமர்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தும் எழவில்லை.

"பள்ளிக்கு வா," என்றேன். "நீ வராவிட்டால் அவன் ஜெயித்துவிடுவான்."

"ஆச்சி," என்றாள், நூலைப் பல்லால் அறுத்துக்கொண்டே, "உங்களுக்கும் அவங்களுக்கும் சண்ட. நடுவுல என் பாவாடையா?"

அவள் தாய் "ஏளா, மரியாதையாப் பேசு" என்றாள். நான் நின்றுகொண்டேயிருந்தேன். முப்பிடாதி மடியிலிருந்து புதுமாதிரித் துணியை எடுத்து, அங்கிருந்த சொம்பு நீரை அதில் ஊற்றி, தன் வெள்ளைச் சேலையின் முந்தானையை விரித்து அதில் வைத்து, அதன்மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டாள். கொஞ்ச நேரம் பீடி விலை, மழை என்று கதை பேசினாள். பிறகு எழுந்து சேலையைத் திருப்பிக் காட்டினாள். ஒரு பொட்டு ஈரமில்லை. இசக்கிசெல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மன்னிப்புக் கேட்டேன் என்று எழுத முடியாது. அன்று நடந்தது துணியின் குற்றம் என்று மட்டும் சொன்னேன்.

நாளை வருவாள்.

ஆவணி 4, திங்கள்

பள்ளியில் பெண்களுக்கான கழிப்பறையை ஆவுடையப்பன் பூட்டிவிட்டான். குழாய் பழுதாம். பழுது பெண்கள் பக்கத்தில் மட்டுந்தானாம்!

மதிலிலுள்ள சிறு கதவின் சாவி என்னிடம் இருக்கிறது. தந்தையார் பள்ளிக்குப் போய்வரப் பயன்படுத்திய கதவு. அதைத் திறந்தேன். இடைவேளையில் பெண்கள் என் குளியலறைக்கு வந்து மாற்றிக்கொண்டு போகட்டும்.

என் பூசையறைக்கும் அந்தக் குளியலறைக்கும் நடுவே ஒரே சுவர். முப்பது ஆண்டுகளாக அந்த எல்லைக்குள் தீட்டோடு எவரையும் நான் விட்டதில்லை. ஆவுடையப்பன் மருமகளைக்கூட விட்டதில்லை. இன்று ஒன்பது பெண்கள் வந்து போனார்கள். எப்படி மனம் இசைந்தது என்றால், பூட்டியவன் அவன் என்பதால் இசைந்தது. அன்னையிடம் பொய் சொல்லிப் பயனில்லை.

அவன் ஓடிவந்தான். "அக்கா, அய்யா பூசை பண்ணுன வீடு! தீட்டோட உள்ள வாராளுக, நீ பாத்துக்கிட்டு நிக்க?"

"மலையாளத்துச் செங்கன்னூர்ல பகவதிக்கே அந்த நாள் உண்டு, ஆவுடையப்பா. கோயில மூடி, பெறகு ஆத்துக்குக் கொண்டுபோயி ஆராட்டு நடத்தி, வரிசையில நின்னு கும்பிடுதாங்க. நீயும் போன வருசம் போயி நின்ன. பிரசாதம் எனக்குங் கொண்டாந்த."

"அது சாமி!"

"இதுகளும் சாமி பாட்டு பாடுத பிள்ளையதான். நீதான் ஒலிவாங்கியில சொன்ன."

போய்விட்டான். எனக்கு உள்ளங்கால் வரை குளிர்ந்தது.

ஆவணி 20, புதன்

நான்கு பெண்களுக்குத் தொடையில் புண். துணி குற்றமோ என்று கலங்கினேன். முப்பிடாதி ஒவ்வொருத்தியிடமும் எங்கே காயப்போட்டாள் என்று கேட்டாள். பாயின் அடியில், அலமாரிக்குப் பின்னால், பாவாடைக்கு உள்ளே மறைத்து. ஒருத்தி அரிசிக் குதிருக்குப் பின்னால்.

"ஏளா, வெயிலு படாத துணி விசம்லா! நல்ல பாம்ப மடியில கட்டிக்கிட்டா அலையுதிய?" என்று வைதாள்.

வீட்டில் ஆண்கள் பார்ப்பார்களாம். அண்ணன் பார்த்தால் அசிங்கமாம். ஆகவே அனைவரும் அலசியதை என் முற்றத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று முடிவாயிற்று. நான்கு வரிசையாகக் கொடி கட்டினேன். உச்சி வெயில் நேராக விழும் இடம். ஆவுடையப்பன் காலையில் நாற்காலி போட்டு நாளிதழ் படிக்கும் மாடிக்கும் நேர் எதிர்.

முப்பிடாதிக்கு வெயில்தான் காரணம். எனக்குக் காரணம் இரண்டு.

ஆவணி 21, வியாழன்

அறுபத்தெட்டுத் துணிகள் கொடியில் ஆடின. அவன் மாடிக்கு வந்தான், பார்த்தான், நாற்காலியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். தன் வேட்டியை அடையாளம் கண்டானோ என்னவோ.

ஐப்பசி 6, திங்கள்

சரசுவதி பூசை. பூசையறைக்கும் இன்று கதவை அடைக்கவில்லை. விரும்பியவள் வந்து புத்தகத்தைத் தொட்டாள். இந்த மாதம் பெண்கள் வகுப்பில் விடுப்பு எடுத்தவர்கள் இருவர். இருவருக்கும் காய்ச்சல்.

கார்த்திகை 12, செவ்வாய்

அதிகாரி வரும் நாள் குறித்தாயிற்று: கார்த்திகை 21, வியாழன். நிறுவனரின் மகள் என்பதால் எனக்கு அங்கே அமர்ந்திருக்கும் உரிமையுண்டு. தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்து நாற்காலி கேட்டுக்கொண்டேன்.

நாற்பத்து மூன்று பெண்களிடமும் தனித்தனியே சொன்னேன்: அன்று சாவு விழுந்தாலும் வரவேண்டும். அப்படிச் சொன்னபோது இசக்கிசெல்வி என்னை ஒருவிதமாகப் பார்த்தாள்.

கார்த்திகை 19, செவ்வாய்

இன்று ஒரு செய்தி. ஆவுடையப்பனின் பேத்தி சிவரஞ்சனி பெரியவளானாள். ஒன்பதாம் வகுப்பு, நாற்பத்து மூவரில் ஒருத்தி. பின்னறையில், அதே அறையில், உட்காரவைத்துவிட்டார்கள். பதினாறு நாள்.

பள்ளிக்கு எப்போது போகலாம் என்று அவள் கேட்டாளாம். "பதினாறு நாள் கழியட்டும், பெறகு பாப்போம்" என்றானாம் தாத்தா. அந்தச் சொற்களை நான் முன்பே கேட்டிருக்கிறேன். சொன்னது தந்தையார். பிறகு யாரும் பார்க்கவில்லை.

ஆக, அதிகாரி பெயர் வாசிக்கும்போது நாற்பத்திரண்டு பெண்கள் எழுந்து நிற்பார்கள். ஒரே ஒரு இருக்கை காலியாக இருக்கும். அது செயலாளர் வீட்டு இருக்கை! ஊர்ப் பெண்கள் வருவதில்லை என்று எழுதிக் கொடுத்தவன் வீட்டிலிருந்துதான் வரவில்லை. அதிகாரி கேட்பார், "இந்த மாணவி எங்கே?" அப்போது நான் எழுவேன். என்ன சொல்ல வேண்டுமென்று அன்னை என் நாவில் வைத்துவிட்டாள். ஐம்பத்தெட்டு ஆண்டுகள் கழித்து அதே பள்ளியில், அதே வாசலில், எல்லோர் முன்னிலையிலும்.

இதைவிடத் தெளிவாகத் தெய்வம் எதையும் கையில் தராது.

கார்த்திகை 20, புதன்

காலை. பூ எடுக்கப் பின்னறை ஜன்னல் ஓரமாகப் போனேன். சிவரஞ்சனி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஆச்சி."

நின்றேன்.

"ஆச்சி, நீங்க தைக்கிற துணில ரெண்டு குடுங்க. எனக்கு நாளைக்கு ஸ்கூலுக்குப் போகணும். ஆபீசர் வாராங்கள்லா. எல்லாரும் வருவாளுக. நான் மட்டும் இல்லன்னா..." மூக்கை உறிஞ்சினாள். "இங்க குடுத்திருக்க துணி நிக்கவே இல்ல, ஆச்சி. தாத்தாட்ட சொல்லாதீங்க. நானே போயிருவேன்."

பூசைக்கு நேரமாயிற்று என்று சொல்லிவிட்டு வந்தேன். நேரமாகத்தான் ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமை தருவதாகச் சொன்னேன்.

மாலை. முப்பிடாதி மாத்துச் சேலையை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்தாள். முன்கட்டுக்குப் போகும் வழியில் என்னிடம் வந்தாள்.

"ஆச்சி, ரெண்டு துணி குடுங்க. பிள்ளைக்குக் கொண்டுபோறேன்."

"நாளை கழியட்டும்," என்றேன்.

"நாளைக்குத்தான பிள்ளைக்கு வேணும்?"

"நாளை கழியட்டும் என்றேன், முப்பிடாதி."

அவள் என்னை வெகுநேரம் பார்த்தாள். பிறகு கொடிப்பக்கமாகப் போனாள். நான் விளக்கேற்ற உள்ளே போய்விட்டேன். கொடியில் எத்தனை துணி இருந்தது என்று எண்ணிப் பார்க்கும் வழக்கம் எனக்கில்லை.

கார்த்திகை 21, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அதிகாரி ஒரு பெண்மணி. வயது ஐம்பது இருக்கும், மெல்லிய மூக்குக்கண்ணாடி, குறைவாகப் பேசுகிறவர். ஆவுடையப்பன் புது வேட்டியில் பக்கத்தில் நின்றான். பெண்கள் நால்வகுப்பையும் கூடத்தில் ஒன்றாக உட்காரவைத்திருந்தார்கள். நான் சுவரோரம் நாற்காலியில். மூன்றாம் வரிசையில் ஒரு காலியிடம். அதிலிருந்து நான் கண்ணெடுக்கவில்லை.

அவரே பதிவேட்டை வாங்கிப் பெயர் வாசித்தார். இசக்கிசெல்வி "உள்ளேன் அம்மா" என்றது மதிலுக்கு அந்தப்புறம் கேட்டிருக்கும். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குரல். நாற்பது. நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு. ஆவுடையப்பனின் நெற்றியில் திருநீறு வியர்வையில் கரைந்தது.

"சிவரஞ்சனி."

பேனா பதிவேட்டின்மேல் நின்றது.

"சிவரஞ்சனி? வரலையா?"

ஆவுடையப்பன் தொண்டையைச் செருமினான். நான் எழுந்தேன். நாற்காலி உராய்ந்த ஓசைக்குக் கூடமே திரும்பியது. அதிகாரி என்னைப் பார்த்தார். வாய் திறந்தேன்.

"உள்ளேன் அம்மா."

குரல் வாசலிலிருந்து வந்தது. சிவரஞ்சனி, சீருடையில், ஈரத்தலையோடு, பை ஒரு தோளில் தொங்க, மூச்சுவாங்க நின்றாள். யாரையும் பார்க்காமல் நேராக நடந்து மூன்றாம் வரிசைக்குப் போய், நிமிர்ந்து உட்கார்ந்தாள். நாற்பத்து மூன்று.

"உக்காருங்கம்மா," என்றார் அதிகாரி என்னிடம். "ஏதோ சொல்ல வந்தீங்களே?"

ஒன்றுமில்லை என்றேன்.

அவர் பதிவேட்டின் முந்தைய பக்கங்களைப் புரட்டினார். நான்கு மாத வருகையைப் பார்த்தார். பிறகு ஆவுடையப்பனிடம் திரும்பினார்: "இந்த வகுப்பையா மூடணும்னு எழுதியிருக்கீங்க? எங்க மாவட்டத்துலயே இப்படி ஒரு வருகை நான் பாக்கல." எழுந்து போய்க் கழிப்பறையைப் பார்த்தார். பூட்டைக் கையால் தூக்கிப் பார்த்தார். பத்து நாளில் திறந்து, தண்ணீர் விட்டு, படம் எடுத்து அனுப்பச் சொல்லி எழுத்தில் கொடுத்துவிட்டுப் போனார்.

வகுப்புகள் நிலைத்தன. பெண்கள் கூச்சலிட்டார்கள். என்னைச் சுற்றிக்கொண்டார்கள். நான் வேண்டியது எல்லாம் நடந்துவிட்டது. என் வாயிலிருந்து ஒரு சொல்லும் வேண்டியிருக்கவில்லை.

வீட்டில் முன்கட்டில் எல்லோரும் கூடியிருந்தார்கள். என்னை அழைத்தார்கள், திதி இல்லாத நாளில் முதன்முறையாக. முப்பிடாதி வாசற்படிக்கு வெளியே மூட்டையோடு நின்றாள். சிவரஞ்சனி தலைகுனிந்து நின்றாள்.

"மூணாம் நாளு, சடங்குத் தண்ணி ஊத்தாம, தெருவுல போயிருக்கா," என்றான் ஆவுடையப்பன். "யாரு துணி குடுத்தான்னு கேட்டா வாயத் தெறக்கமாட்டேங்கா. வெளிய இருந்து உள்ள வாரது ஒருத்திதான்." வாசற்பக்கம் பார்த்தான். "இன்னையோட இந்த வீட்டுப் படி..."

"நான்தான் கொடுத்தேன்," என்றேன்.

முப்பிடாதி தலைநிமிர்ந்தாள். சிவரஞ்சனியும்.

"நீயா?"

"நானே. ஜன்னல் வழியாகக் கொடுத்தேன். என்ன செய்யப் போகிறாய்?"

அவன் என்னைப் பார்த்தான். என் எழுபத்தொரு வயது முகத்தில் எதையோ தேடுகிறவன்போல் பார்த்தான். "இப்பமாவது உனக்கு நெறஞ்சுதாக்கா?" என்று மெல்லக் கேட்டான்.

அப்போது அவனுக்கும் அது நினைவிருக்கிறது என்று அறிந்தேன். வகுப்பு வாசலில் நின்று கூவியது, என் எதிரில் சிரித்தது, எல்லாம். இத்தனை ஆண்டுகளாக அவன் மறந்துவிட்டான் என்றே எண்ணியிருந்தேன். ஆம் என்று சொல்ல நினைத்தேன். அந்தச் சொல்லுக்காகத்தான் காத்திருந்தேன். சிவரஞ்சனி என்னைப் பார்த்துக்கொண்டிருந்ததால் சொல்ல முடியவில்லை.

கார்த்திகை 22, வெள்ளி

முப்பிடாதி துணி எடுக்க வந்தாள். நேற்று நான் சொன்னதற்கு நன்றி கூறுவாள் என்று எதிர்பார்த்தேன். கூறினாள். அதன்பின் ஒன்றைச் சொன்னாள். அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

கார்த்திகை 23, சனி

எழுதுகிறேன். அன்னைக்குத் தெரிந்ததைத் தாளுக்கு ஒளிப்பானேன்.

"ஆச்சி, கோவிச்சிக்கிடாதிய. புதன்கிழம சாயங்காலம் 'நாள கழியட்டும்'னு சொன்னியள்லா, அப்பம் உங்க மொகத்தப் பாத்தேன். உங்க அய்யா மொகம் அப்படியே இருந்துச்சு."

அவ்வளவுதான் சொன்னாள். ஈரத்துணியை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டே சொன்னாள்.

அவள் போனபின் இயந்திரத்தில் அமர்ந்தேன். என் பெட்டியில் எனக்கென வைத்திருந்த மெல்லிய பருத்தி ஒன்று உண்டு, பலமுறை துவைத்தது. அதில் நான்கு தைத்தேன். சிறகின் ஓரத்துக்குச் சிறு பூத்தையலும் போட்டேன். சிவரஞ்சனி பள்ளிவிட்டு வந்து, பதினாறு நாள் கணக்குக்காகப் பின்னறைக்குள் போகும் நேரம். பகலில் பள்ளிக்கும் மாலையில் அந்த அறைக்கும் என்று ஆவுடையப்பன் இறங்கிவந்துவிட்டான். கதவு மூடாமல் இருந்தது. அவளிடம் நீட்டினேன்.

பார்த்தாள். வாங்கவில்லை.

"வேண்டாம் ஆச்சி. எனக்கு இருக்கு. முப்பிடாதி பாட்டி குடுத்தது."

மரியாதையான குரல். முகத்தில் கோபமில்லை. ஒன்றையும் காட்டாத முகம் அது. உள்ளே எதையோ பத்திரமாக எடுத்துவைத்துப் பூட்டிக்கொண்ட முகம். பதினான்கு வயதில் அந்தப் பூட்டு எவ்வளவு இறுக்கமாக விழும், எத்தனை ஆண்டு துருப்பிடிக்காமல் கிடக்கும் என்பதை இந்த ஊரில் என்னைவிட அறிந்தவர் இல்லை. அவள் என்னைக் கணக்கில் வைத்துவிட்டாள். ஜன்னலுக்கு வெளியே பூக்கூடையோடு நின்று, பூசைக்கு நேரமாயிற்று என்று சொன்னவளை அவள் எழுபது வயதிலும் மறக்கமாட்டாள். மறக்கவும் வேண்டாம். அது அவளுக்கு நியாயமாகச் சேர வேண்டியது. நான் கேட்டுத் திரும்பப் பெறக்கூடியதன்று.

நான்கையும் அவள் வாசற்படியில் வைத்துவிட்டு வந்தேன். எடுப்பாளோ மாட்டாளோ.

இந்தக் குறிப்பை எவர் கையில் எடுத்தாலும், அவரையும் அவர் இல்லத்தையும் அன்னை காக்கட்டும். உங்கள் வீட்டுக் கொடிகளில் வெயில் தடையின்றி விழட்டும். உங்கள் வீட்டில் பூட்டிய பின்னறை எதுவும் இல்லாதிருக்கட்டும். உங்கள் பெண்கள் நாள்தோறும் தம் இருக்கையில் நிமிர்ந்து அமரட்டும். அவர்கள் ஜன்னலில் நின்று கேட்கும்போது, கேட்ட அன்றைக்கே கொடுக்கும் கை உங்களுக்கு வாய்க்கட்டும்.